எனக்கு வராத வாடை

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. நான் நலம். அம்மா எழுந்து உட்காருகிறாள், தானே சாப்பிடுகிறாள். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், அதைத் தவிர இந்த வீட்டில் இப்போது வேறு நினைப்பில்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போனில் சொன்னேனே, அது பொய். இரண்டு மாதமாகவே அவளுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, சட்டைக்கு இடதுகையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு விழிப்பாள், வயசாகுது என்று நானும் கேலி செய்துகொண்டிருந்தேன். ஆரம்பத்தில் ஒருநாள், ஏங்க, தையல் ரூம்ல பெயின்ட்ல கலக்குற தின்னர் வாடை அடிக்குதே என்றாள். நான் போய் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஒண்ணும் வரலையே என்றேன். முப்பது வருஷம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். நாளாக ஆக அவளுக்கும் அது தெரியாமல் போய்விட்டது. போன செவ்வாய்க்கிழமை சித்தப்பா வந்தான். வாசலில் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு, எப்படிண்ணே இதுக்குள்ள இருக்கீங்க, அண்ணி எங்கே என்றான். அம்மா தையல் மெஷின் மேலேயே சாய்ந்து கிடந்தாள், கூப்பிட்டால் பதில் இல்லை. பட்டறையிலிருந்து நான் கொண்டுவந்து அந்த ரூம் அலமாரிக்குக் கீழே தள்ளிவைத்த பெரிய தின்னர் டின் அடியில் துருப்பிடித்து, சாக்கில் ஊறிக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. தூசிக்குப் பயந்து ஜன்னலையும் நான்தான் சாத்தச் சொல்லியிருந்தேன்.

எனக்கு வாடையே வரவில்லை என்றதும் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து நிமிட இடைவெளியில் பிறந்த ஒரே அச்சு அல்லவா, நர்ஸே என் சீட்டை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கண்ணை மூடச் சொல்லி நான்கு குப்பிகளை நீட்டினார். காபி, சோப்பு, மண்ணெண்ணெய் என்று அவன் மூன்றையும் சொன்னான். எனக்கு மூன்றும் பச்சைத் தண்ணீர். நான்காவது ஏதோ பூ வாசனையாம், அது இருவருக்குமே வரவில்லை. இது ஒண்ணு மட்டும் பிறவியிலேயே உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் இல்லாதது, மத்த மூணையும் உங்ககிட்டேருந்து பட்டறைதான் எடுத்திருக்கு என்றார் டாக்டர். அவன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்தான், நான் பட்டறைக்குப் போனேன், வித்தியாசம் அவ்வளவுதான். அம்மாவுக்கு ஞாபகம் முழுக்கத் திரும்புமா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார். நேற்று என்னைப் பார்த்து, உங்க அண்ணன் வரலையா என்று கேட்டாள்.

இன்று காலை அவள் தெளிவாக இருந்தபோது ஒன்று சொன்னாள். நீ வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தில், தின்னர் விட்டு மை கழுவும் பிரிவில் முதலில் உனக்குத் தலை சுற்றியதாம், இப்போது வாடையே தெரியவில்லை, பழகிவிட்டது என்று அவளிடம் சொன்னாயாம். சந்தோஷமாகத்தான் சொன்னாள். பட்டறையில் சேர்ந்த இரண்டாம் மாதம் நானும் இதையேதான் வீட்டில் பெருமையடித்தேன். அது பழக்கமில்லை குட்டி. மேலாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், வேறு பிரிவு கேள், தரவில்லையென்றால் பெட்டியைக் கட்டு.

எங்கள் ஆயுளையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் குளிக்கிற சோப்பை மூக்கருகே வைத்துப் பார்த்து, வாசனை வந்ததா இல்லையா என்று மட்டும் எழுது. எனக்காகப் பொய் எழுதாதே.

இப்படிக்கு
உன் அப்பா