அம்மா, நம் வீல்சேர்களைத் திருப்பதியோடு சேர்க்கலாமா?

கண்ணை மூடினால் உடனே வந்து நிற்கிற என் அம்மாவுக்கு,

நீ போனபிறகு வந்திருக்கும் இரண்டாவது மாம்பழக் காலம் இது. சித்தூர்ப் பக்கமிருந்து வரும் லாரிகள் நம் புத்தலப்பட்டைத் தாண்டும்போது ஷெட்டுக்குள் வரை வாசனை வருகிறது. மத்தியானத்தில் வீல்சேர்களைத் துடைத்து நிறுத்திவிட்டு, அதில் ஒன்றிலேயே உட்கார்ந்து தூங்கிப்போகிறேன். தூக்கத்தில் ஷெட் கதவு திறக்கும். வீல்சேர்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே உருண்டு மாந்தோப்புக்குள் போகும். நீ அவற்றின் பின்னால் மெதுவாக நடப்பாய். கால் வலிக்கவில்லையா என்று கேட்க வாயெடுப்பேன், விழித்துக்கொள்வேன்.

நம் சங்கத்தைத் திருப்பதி ட்ரஸ்டோடு சேர்ப்பதா வேண்டாமா என்று சில மாதங்களாகப் பேச்சு நடந்தது. உன்னிடம் கேட்காமல் அதை நான் யாரிடம் கேட்பேன்?

அவர்களும் நம்மைப் போலத்தான். நடக்க முடியாதவர்களுக்கு வீல்சேர், வாக்கர், மடக்குக் கட்டில் எல்லாம் இரவலாகக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் வேன் இருக்கிறது, மெக்கானிக் இருக்கிறார். நம்மிடம் நைனாவும் நானும்தான். பாதி வீல்சேர்களுக்குச் சக்கரம் ஆடுகிறது. கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லியே என் நாள் போகிறது. நான் பேசுவதே கொஞ்சம் என்று உனக்குத் தெரியும். அந்தக் கொஞ்சமும் இந்த ஒரு வார்த்தையாகிவிட்டது.

சேர்ந்தால் நம் சங்கத்தின் பெயர் இருக்காது. நீ வைத்த பெயர். நைனா என்மேல் போட்டுவிட்டார். “உங்கம்மா வெச்சது. அவகூட இருந்து பாத்தவ நீதான். நீ இன்னா சொல்றியோ அதான்.” நீ படுக்கையில் விழுந்தபோது ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். எனக்கு என்ன தெரியும் சொல்?

முதலில் மூன்று மாதம் சேர்ந்து வேலை செய்து பார்க்கலாம் என்றார்கள். அதில்தான் அந்தக் கூத்து நடந்தது.

பங்காருபாளையம் முனிரத்தினம் தாத்தாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் வீல்சேரில் பிரேக் பிடிக்கவில்லை என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். திருப்பதி மெக்கானிக் ரெட்டெப்பா அண்ணன் ஒரு காலையில் வேனோடு போயிருக்கிறார். தாத்தா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்புவானேன் என்று வாசலில் இருந்த வீல்சேரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நம் ஊர்களில் வீல்சேரை எப்போது எடுப்போம் என்று பாவம் அவருக்குத் தெரியாது. யாராவது தவறிவிட்டால் வீட்டுக்காரர்களே அதை வெளியே தள்ளிவர மாட்டார்கள். அந்த மனிதரையே வெளியே தள்ளுவதுபோல இருக்கும் அவர்களுக்கு. ‘சேரு சும்மா இருக்குது’ என்று போன் மட்டும் வரும். நீ ஏன் எதற்கு என்று கேட்கவே மாட்டாய். போவாய், கொஞ்சநேரம் உட்காருவாய், கொடுத்ததைக் குடிப்பாய், எடுத்துக்கொண்டு வருவாய். வேறு எதற்கும் நாம் எடுத்ததே இல்லை, உடைந்தால்கூட அங்கேயே கம்பி கட்டிவிட்டு வருவோம்.

வீல்சேர் வேனில் ஏறியதைப் பார்த்தது தெரு. மத்தியானத்துக்குள் பூமாலை வந்துவிட்டது, மேளம் வந்துவிட்டது, சித்தூரிலிருந்து மகன் அழுதுகொண்டே வந்து இறங்கிவிட்டார். சத்தம் கேட்டு எழுந்த தாத்தா கட்டிலில் உட்கார்ந்தபடி, “யாருடா போயிட்டது?” என்றாராம்.

சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். “ஏம்மா, உங்கம்மா இருந்திருந்தா என்னெ இப்டி உசுரோட அனுப்பி வெச்சிருப்பாளா?” நான் அழுதுவிட்டேன். அவர் குரல் இறங்கிவிட்டது. “அழாதம்மா. என் மவன் எனக்காக அழுததையும் பாத்துட்டேன். யாருக்குக் கெடைக்கும்? சேரெ மட்டும் சீக்கிரம் அனுப்பு.”

கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆனால் நைனா சிரிக்கவில்லை. இது ஒத்துவராது, நம் ஊர் அவர்களுக்குப் புரியாது என்றார். அதைச் சொல்லிவிட்டு வரத்தான் திருப்பதிக்குப் பஸ் ஏறினோம்.

அவர்கள் ஆபீஸ் மலையடிவாரத்தில், அலிபிரிப் பக்கம், மாடியில். ஜன்னல் வழியாக மலைப்படி தெரிந்தது. படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்தபடி பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் அவர்கள் மிதப்பதுபோல இருந்தது. அதில் ஒருத்தியின் முதுகு உன் முதுகு. குனிகிறாய், நிமிர்கிறாய், அடுத்த படி. இடுப்பைப் பிடித்துக்கொள்ளவே இல்லை. மரத்துக்குப் பின்னால் நீ மறையும்வரை இங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

திரும்பியபோது ட்ரஸ்டை நடத்துகிற சுஜாதா மேடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ரெட்டெப்பா அண்ணன் தலை குனிந்து நின்றார். மேஜைமேல் காத்திருப்பவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் கமலம்மா என்ற பெயர், நமக்குப் பக்கத்து ஊர். வீட்டுக்காரருக்குக் கைகால் விழுந்து, நம் ஷெட் வாசலில் வந்து நின்றவள். இல்லை என்று நான் அனுப்பியவள். மேடத்திடம் கேட்டேன். மகன் அப்பாவை முதுகில் சுமந்து, பஸ்ஸில் திருப்பதிவரை வந்தார்களாம்.

என் வாயிலிருந்து வந்த ‘இல்லை’ அத்தனை தூரம் நடந்திருக்கிறது, அம்மா.

நைனா தொண்டையைச் செருமினார். அதற்குள் மேடம் என்னைப் பார்த்து, “செப்பம்மா” என்றார். சொல்லு என்று கேட்டதும் சொல்லிவிட்டேன். என் குரல் யாருடையதோ போல இருந்தது.

“சேரலாம் மேடம். ரிப்பேருக்கு எடுத்தா மொதல்ல வேற ஒண்ணெ வுட்டுட்டு எடுக்கணும். சும்மா இருக்குதுன்னு போன் வந்தா நான் போறேன். உக்காந்துட்டுதான் எடுப்பேன். வேன் காத்துக்கினு இருக்கணும்.”

“போர்டுல அம்மா வெச்ச பேரு வராதே. பரவாலேதா?” என்றார் மேடம்.

நைனா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அது உன்னை அழித்ததாகுமா? வீடு திரும்பும்வரை நைனா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

நேற்றுக் காலை, சேர்ந்தபிறகு வந்த முதல் போன். திருப்பதிக்கு அந்தப்பக்கம், நீ போகாத ஊர், தெலுங்கு வீடு. நானும் ரெட்டெப்பா அண்ணனும் போனோம். அந்த வீட்டு மகள் வாசலுக்கு வந்து வீல்சேரைக் காட்டினாள். எடுக்காமல் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். அவளுக்குப் புரியவில்லை. கொஞ்சநேரம் நின்றாள். பிறகு அவளும் உட்கார்ந்து, அவள் அம்மாவுக்குப் பிடித்த குழம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ரெட்டெப்பா அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எந்த வீட்டிலும் உட்காராமல் எடுக்க மாட்டேன், அம்மா. எனக்குப்பின் யார் போனாலும் உட்கார்ந்துதான் எடுப்பார்கள், அதற்கு நான் பொறுப்பு.

உன் வயிற்றில் பிறந்த,
கஸ்தூரி