பத்துக்கு எத்தனை வலி

அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வாப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா?

பயப்படாமல் படியுங்கள். போன மாதம் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. இப்போது வேலைக்கே போகிறேன், சாயங்காலமானால்தான் களைத்துவிடுகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய வலியை எப்படிக் குறைப்பது என்று ஆய்வுகளைப் படித்துப் பரிந்துரை எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன் அல்லவா? நான் படுத்திருந்தபோது நர்ஸ் ரக்ஷனா வந்து, "அக்கா, வலி பத்துக்கு எவ்ளோ?" என்று கேட்டாள். அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, "ரெண்டுதான்லா" என்றேன். உண்மையில் இருமக்கூட முடியவில்லை.

குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லி, பத்துக்கு எவ்வளவு என்ற எண்ணை மட்டும் கேட்காமல் இருமவும் நடக்கவும் முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். "உங்க ஒருத்தர் அனுபவம் ஆதாரமாகாது, மர்யம்" என்றார் குழுத் தலைவர் டாக்டர் சேதுபதி. நியாயம்தான். இரண்டு வாரம் உட்கார்ந்து தேடினேன். அதையே சொல்லும் ஆய்வுகள் கிடைத்தன. நேற்று பரிந்துரையில் அந்த வரியைச் சேர்த்துவிட்டார்கள்.

இடுப்பை இறுக்காத பருத்திப் பாவாடை இரண்டு அனுப்புங்கள். இனி போனில், "நல்லா இருக்கியா?" என்று கேட்காதீர்கள், உம்மா; அதற்கும் "ரெண்டுதான்" மாதிரிதான் பதில் சொல்வேன். இன்று யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

நான் போக வேண்டிய புக்கிட் பாத்தோக் பஸ் வந்துவிட்டது. துஆ செய்யுங்கள்.

மர்யம்