கத்தாத உன் குரலைத் தேடி

என் தினேஷுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் கழித்து இந்தக் கடிதம். தாமதம்தான். முன்பே எழுதியிருந்தால் வெறும் அழுகையாக இருந்திருக்கும். இப்போது சொல்ல ஒரு சேதி இருக்கிறது. உங்கள் பேண்டின் புதிய ஆல்பம் வரப்போகிறது.

உன் பேண்ட் நண்பன் ஜூட் பாட்டுகளை அனுப்பியிருந்தான். கேட்டால் நீ நம்பமாட்டாய். நீ கத்திப் பாட, ஒரே நிமிஷத்தில் முடிந்துபோகும் அந்த ஹார்ட்கோர் பங்க் வேகம் எங்கே போனது? டிரம்ஸ் இப்போது காத்திருந்து அடிக்கிறது. கிட்டார் இழுத்துக்கொண்டே போகிறது. அந்த ஒலி அதுவாக அடங்கும்வரை யாரும் கம்பியைத் தொடுவதில்லை. உன் இடத்தில் ஜூட் பாடுகிறான், சாதாரணக் குரலில், சொல் புரிகிற மாதிரி. கடைசிப் பாட்டின் முடிவில் மட்டும் நீ வருகிறாய். தெப்ராவ் ஜாமிங் ஸ்டூடியோவில் உன் கடைசிப் பயிற்சியன்று பதிவான கத்தல்.

அதைக் கேட்டபோது நம் யாழினி என் மடியில் இருந்தாள். மூன்று வயதாகிறது, எல்லாம் பேசுகிறாள்.

"இது யாரும்மா?"

"உன் அப்பா."

காதைப் பொத்திக்கொண்டாள். "அப்பா ஏன் திட்டுறாங்க? நான் என்ன செஞ்சேன்?"

நான் என்ன சொல்வேன், தினேஷ்? மேடையில் அப்படிக் கத்திவிட்டு வந்து, அவள் தொட்டில் பக்கத்தில் குசுகுசுவென்று பேசுவாயே, அது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் குரல் எங்குமே இல்லை. உன் போன் செனாய் சாலை விபத்தில் உன் மோட்டார் சைக்கிளோடு நொறுங்கிவிட்டது. என் போனில் இருந்த உன் குரல் செய்திகளை, போன் மாற்றியபோது எடுத்துவைக்காமல் தொலைத்தவள் நான்தான். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பயிற்சியில் நீங்கள் ஒலிப்பதிவை நிறுத்தவே மாட்டீர்கள். பாட்டுக்கு நடுவே கேலி, சாப்பாட்டுப் பேச்சு எல்லாம் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

உங்கள் டிரம்மர் விக்கி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"அலமாக்... ஐயோ அண்ணி, பேச்சையெல்லாம் வெட்டி க்ளீன் பண்ணிட்டேன் லா. எடம் பத்தல. பாட்ட மட்டும் வச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"அண்ணன் கத்துனது ஒன்னு விடாம இருக்கு அண்ணி."

"கத்துனத வச்சு நான் என்னடா பண்றது? சாப்பிட்டியான்னு கேப்பாரே, அது எங்க?"

பக்கத்தில் இருந்த ஜூட் தலைகுனிந்தான். "தினேஷ்னா அந்தக் கத்தல்தான்னு நெனச்சிட்டோம், ரேவதி. நீ வேணாம்னு சொன்னா அந்தப் பாட்டையே எடுத்துடுறோம்."

"எடுத்துடுங்க. எம்பொண்ணு அவ அப்பாவ இப்படியா தெரிஞ்சிக்கணும்?"

விக்கி மெல்லச் சொன்னான். "இன்னொரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க அண்ணி. இன்னும் கொஞ்சம் வேல இருக்கு. கத்துறதுக்கு முன்னாடி அண்ணன் மூச்சு இழுக்குறது கேக்குது. பழைய பாட்டுல எல்லாம் அது டிரம்ஸ்ல அமுங்கிடும். இது ஸ்லோ, அப்படியே தெரியுது. அதையும் தூக்கிடுறேன்."

"அதுல கை வைக்காத!"

அறை அதிர்ந்தது. என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை. யாழினி காதைப் பொத்தவில்லை. என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அம்மா, பயமா இருக்கா?" என்றாள்.

அந்த மூச்சும் போய்விடுமோ என்ற பயத்தில்தான் நான் கத்தினேன் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

விக்கி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டான். லேசாக மூக்கடைத்த மூச்சு. உன் பக்கத்தில் படுத்துக் கேட்ட அதே மூச்சு. பேச்சில்லை, ஒரு சொல் கூட இல்லை. இது போதுமா? போதாது தினேஷ், போதவே போதாது. ஆனாலும் பாட்டு இருக்கட்டும், மூச்சை மட்டும் வெட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் பேச்சை அவளுக்கு மீட்டுத்தர என்னால் முடியவில்லை. அது என் நினைவில் மட்டும்தான் இருக்கிறது, அங்கேயும் தேய்ந்துகொண்டு வருகிறது. அதனால் ஒரு வாக்கு தருகிறேன். அது முழுதாக மறந்துபோவதற்குள், நீ சொன்னதையெல்லாம், உன் அசட்டு ஜோக்குகள் உட்பட, என் குரலிலாவது அவளிடம் பேசி முடிப்பேன்.

யாழினியின் அம்மா,
உன் மனைவி ரேவதி