கூட்டாளியை வெட்டிய கம்பெனி

மார்ச் 4, செவ்வாய்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. அக்கா காலையிலிருந்து வாளியோடு நடக்கிறாள். மதியம் மின்விசிறிக் கம்பெனியிலிருந்து என் கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. அவர்களுடைய எழுபத்தைந்து ஆண்டு வரலாறு. இரண்டு வருட உழைப்பு. மூன்றாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்புக் கோடு. பத்திரிகையில் இருபத்தாறு வருடம் வணிகப் பக்கம் எழுதினேன். என் பத்திகளை வெட்டியிருக்கிறார்கள். ஓர் ஆளையே வெட்டி யாரும் அனுப்பியதில்லை.

மார்ச் 6, வியாழன்

கம்பெனிக்குப் போனேன். சின்ன முதலாளி சிரித்த முகமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எங்க தாத்தா தனியா ஆரம்பிச்ச கம்பெனி மேடம். நடுவுல எதுக்கு இன்னொருத்தர்?"

"முதல் மோட்டாரைச் செஞ்சதே அந்த இன்னொருத்தர்தான். உங்க தாத்தாவே என்கிட்ட சொன்னார். அப்போ நான் பத்திரிகைக்கு எடுத்த பேட்டியில வந்திருக்கு."

"வயசான காலத்துல ஏதோ சொல்லியிருப்பார்."

பணம் போட்டவர் தாத்தா. மூளையைப் போட்டவர் கூட்டாளி. வியாபாரம் நிமிர்ந்ததும் கூட்டாளியை வெளியே தள்ளினார்கள். இப்போது புத்தகத்திலிருந்தும் தள்ளுகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் கையே வேண்டுமாம்! வாய்க்கு வந்ததைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே, ஏன்?

மார்ச் 7

பாத்திரம் கழுவும்போது இரண்டு கண்ணாடி டம்ளர்கள் உடைந்தன. அக்கா துண்டுகளைப் பெருக்கினாள். எவர்சில்வர் டம்ளர்களை முன்னால் எடுத்து வைத்துவிட்டாள்.

மார்ச் 11

கூட்டாளியின் மகளைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எண்பதைத் தொடுகிறார். வீட்டில் அந்தக் கம்பெனி விசிறிதான் சுற்றுகிறது.

"வேற கம்பெனி ஃபேன் வாங்க மனசு வராதும்மா. அப்பா கூடவே இருக்கிற மாதிரி இருக்கும்."

பிறகு கேட்டார்: "புத்தகத்துல அப்பா எந்தப் பக்கத்துல வர்றார்?"

வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று மழுப்பிவிட்டு வந்தேன். பேருந்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். யார் செய்த பாவத்துக்கு நான் முழிக்கணும்?

ஏப்ரல் 2

விலகிவிட்டேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சின்ன முதலாளிக்குச் சிரிப்பு போய்விட்டது.

"அட்டையில உங்க பேர் இருந்தாத்தானே மேடம் ஜனங்க நம்புவாங்க?"

"அதனாலதான் தர மாட்டேன்."

"தனியா எழுதலாம்னு நினைக்காதீங்க. எங்க ஆபீஸ் கொடுத்த காகிதம் எதையும் நீங்க தொடக்கூடாது."

"கூட்டாளியைப் பத்தி உங்க ஆபீஸ்ல ஒரு காகிதம்கூட இல்லையே. எல்லாத்தையும் நீங்களே கிழிச்சுப் போட்டுட்டீங்க. நான் எதைத் தொடப் போறேன்?"

இந்தத் தடவை வாய் அடைக்கவில்லை. அது போதும்.

ஜூன் 19

அந்தக் காலத்தில் கூட்டாளியோடு மோட்டாருக்குக் கம்பி சுற்றியவர்களில் நான்கு பேர் பேசினார்கள். அதை வைத்து எழுதியது நல்ல கட்டுரை. பழைய பத்திரிகைக்கே எடுத்துப் போனேன். ஆசிரியர், ஒரு காலத்தில் எனக்குப் பக்கத்து மேசை, கடைசிவரை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"விளம்பரம் அவங்க தர்றாங்க. உனக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்தால் ஆறிவிடுமா? படிகளில் தடதடவென்று இறங்கினேன். 

அக்கா சொன்னாள்: "உன் கோபத்துல அடுப்பு பத்த வைக்கலாம். அதை வெச்சு உட்கார்ந்து எழுதேன்."

ஜூலை 1

எழுதுகிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கூட்டாளியைப் பற்றிய என் புத்தகத்தை ஒரு சின்னப் பதிப்பகம்தான் போட்டது. முந்நூறு பிரதி. கம்பெனியின் பளபளப்பு வரலாறும் இதே மாதம் வந்துவிட்டது. எழுதியவர் பெயர் அதில் இல்லை.

இன்று டீச்சர் போன் செய்தார்.

"முழுசும் படிச்சிட்டேன்மா. ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? எங்க அப்பா யாரையும் கடிஞ்சு ஒரு வார்த்தை பேசினதில்ல. அவரை வெளிய அனுப்பின அன்னைக்கும் பேசாமத்தான் வந்து உட்கார்ந்தார். அந்த அத்தியாயத்துல இருக்கிற கோபம் அவரோடது இல்ல. உங்களோடது."

உண்மைதான். "அடுத்த பதிப்புல குறைச்சிடவா டீச்சர்?"

டீச்சர் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"வேணாம், இருக்கட்டும். அவருக்காக யாராவது ஒருத்தர் கோபப்பட்டிருக்கணும் இல்ல?"