பதினைந்து ஆகட்டும் என்றாய்

மாப்ள, நேற்று பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்தார். மலேசியாத் தைலம். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ கொண்டுவந்த பெட்டியைப் பக்கத்தில் யாரோ திறந்தது மாதிரி இருந்தது. சங்கரன்கோவில் வந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர், "பெரியவரே, எறங்குதீரா, இல்ல மறுபடியும் டிக்கெட் எடுக்கீரா?" என்றான். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவளுக்கு வேலை கிடக்கிறது; எனக்கும் ரொம்ப நேரம் பேச மூச்சு இல்லை.

கோலாலம்பூரில் பரோட்டா போட நீ புறப்பட்டபோது அந்த ஊர்ப் பணமான மலேசியா வெள்ளி ஒன்றுக்கு இங்கே ஏழு ரூபாய்கூட இல்லை. என் தங்கச்சியை நீ கட்டி ஒரு வருஷம் ஆகவில்லை. "பத்து ஆகட்டும் மச்சான், வந்துருதேன்" என்றாய். கெடு வைத்துப் போகிறவன் தைப்பொங்கல் என்பான், ஆடித்தபசு என்பான். நீ விலை சொல்லிவிட்டுப் போனாய். நாங்களும் அதைக் கெடு என்று நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் பூத்துக்குப் பேசுவாய். தங்கச்சி தலைக்குக் குளித்துவிட்டு என்னோடு வந்து நிற்பாள். முதலில் என்னைக் கூப்பிட்டு, அங்கன வெள்ளி என்ன விலை போகுது என்று கேட்பாய். அதற்காகவே முதல் நாள், வெளிநாட்டுக் காசு மாற்றிக்கொடுக்கும் நகைக்கடை அண்ணாச்சியிடம் விசாரித்து வைத்திருப்பேன். பூ மார்க்கெட்டில் தராசு பிடித்தவன் நான். காதில் விழுந்த விலை மறக்காது. பேசி முடித்து அவளிடம் போனைக் கொடுக்கும்போது உன் காசு பாதி தீர்ந்திருக்கும்.

பத்து வந்தது. பதினைந்து ஆகட்டும் என்றாய். வாசுதேவநல்லூர் குளத்துக்குக் கீழே ஒரு வயல் பார்த்து வைத்திருந்தாய். வெள்ளி பதினைந்து ஆனால் அதை வாங்கிவிடலாம் என்பது உன் கணக்கு. வீட்டுச் செலவுக்கு மட்டும் அனுப்பிவிட்டு மிச்சத்தை அங்கேயே வெள்ளியாகச் சேர்த்தாய். மல்லிகையை விலை ஏறட்டும் என்று எவனும் மறுநாளைக்கு வைக்கமாட்டான், விடியும்போது பொன்னாகப் போன பூ வெயில் ஏறினால் மாட்டுக்குத்தான் என்று நான் சொன்னேன். "பூ வாடும்வே, வெள்ளி வாடாது" என்று சிரித்தாய்.

பதினாலைத் தாண்டியபோது பெட்டி கட்டிவிட்டதாகச் சொன்னாய். தங்கச்சி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அந்த வருஷம்தான் அந்தப் பக்கத்து நாட்டுப் பணமெல்லாம் சரிந்தது. கொஞ்ச மாசத்தில் ஒன்பதுக்கு வந்துவிட்டது. பூத்தில் நின்று நான் ஒன்பது என்றதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாய், அதற்கு மேலும் ஒரு தடவை. காசு ஓடுகிறதே என்ற நினைப்புக்கூட உனக்கு இல்லை. பிறகு, "இப்ப வந்தா நட்டம் மச்சான்" என்றாய். அதை அவளிடம் எப்படிச் சொல்ல? லீவு கிடைக்கவில்லையாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

பிறகு வருஷக்கணக்கில் வெள்ளி பதினொன்று, பன்னிரண்டு என்று முளையில் கட்டிய மாடு மாதிரி அங்கேயே சுற்றியது. நீயும் அப்படித்தான். நீ முதலில் புறப்பட்டபோது வயிற்றில் இருந்த மகளைக் கரிவலம்வந்தநல்லூரில் கட்டிக்கொடுத்தபோது வந்தாய். பந்தல் பிரிப்பதற்குள் கிளம்பிவிட்டாய். சம்பந்தக்காரரிடம்கூட வெள்ளி விலைதான் பேசினாய்.

கடைசியில் பதினைந்து வந்தது. சொன்ன சொல் தப்பாமல் நீயும் வந்தாய், தலை முழுக்க நரைத்து. அன்று உனக்கு இலை போட்டு உட்கார வைத்துவிட்டுத் தங்கச்சி என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டாள். கையில் சோற்றுக் கரண்டி.

"அண்ணே, இவுகளுக்கு எவ்வளவு சோறு போடணும்னு எனக்குத் தெரியலையே" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை மாப்ள.

வயல் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. அதை விசாரித்துவிட்டு வந்த அன்று டீக்கடையில் மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "ஏறுனது வெள்ளி இல்லைவே மச்சான். நம்ம ரூவா எறங்கியிருக்கு" என்றாய். டீ ஆறிப்போய்விட்டது.

அதற்குப் பிறகாவது விட்டாயா? கையில் ஒரு வெள்ளிகூட இல்லாத காலத்திலும் காலையில் என்னைக் கண்டதும் விலை கேட்பாய். பதினெட்டு என்றால் அன்றைக்கு உனக்குச் சாப்பாடு இறங்காது. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாமோ என்பாய், தங்கச்சி காதில் விழும்படி. எனக்கு வந்தது கோபம் இல்லை, அலுப்பு. அவளுக்கு என்ன வந்தது என்று நான் கேட்டதில்லை.

போன வருஷம் நீ படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம் அவள் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும், வெள்ளி என்ன மச்சான் என்றாய். அப்போதுதான் நகைக்கடையில் கேட்டுவிட்டு வருகிறேன், பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் அவள் சொன்னாள். அத்தனை வருஷமும் அந்தப் பேச்சில் ஒரு தடவைகூடக் கலந்துகொள்ளாதவள்.

"பதினஞ்சுதான். அதுக்கு மேல ஏறவே இல்லையாம்."

நீ அவள் முகத்தையே பார்த்தாய். "அப்பம் நான் சரியாத்தான் வந்திருக்கேன்" என்றாய்.

"சரியாத்தான் வந்திருக்கீக" என்று சொல்லி, உன் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். நீ இன்னொரு கரண்டி கஞ்சி வாங்கிக்கொண்டாய். நான் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது வெள்ளி இருபதையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் கேட்கிற பழக்கம் என்னை விடவில்லை. மலேசியாவில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் வழியில் நிறுத்திக் கேட்டால் அன்றைய விலையைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் சொல்வதில்லை. அங்கே வெள்ளி இன்னும் பதினைந்துதான்.