கடலைப் பற்றிய கடைசி அத்தியாயம்

நேற்று திருப்பரங்குன்றத்தில் ரயிலடிக்கு எதிரில் பேருந்துக்காக நின்றபோது நா வறண்டது. ஒரு கோலி சோடா வாங்கினேன். நடுவில் ஒழிந்துபோயிருந்த கோலி சோடா இப்போது திரும்பவும் கடைகளுக்கு வந்திருக்கிறது. கடைக்காரர் வெயிலில் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. கோலியை அழுத்தியதும் சீறிப் பொங்கி என் கையும் முந்தானையும் நனைந்தன. மிச்சமிருந்தது சப்பென்று வெறும் தண்ணீராக இருந்தது.

"சூடாயிருச்சுன்னா கேஸ் நிக்காதும்மா. வேற தாரேன், இருங்க" என்றார் அவர்.

நான் வேறு வாங்கவில்லை. இதே சொற்களை, இதே ரயிலடிக்கு எதிரில், நாற்பது வருடங்களுக்கு முன்னால் நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். நீ சொன்னது கடலைப் பற்றி.

நீ போய் இந்த ஆடியோடு ஒரு வருடமாகிறது. செத்துப்போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நான் கேலி செய்திருக்கிறேன். நீ உயிரோடு இருந்தவரை ஒரு வரி எழுதத் துணியாதவள் இப்போது எழுதுகிறேன் என்றால், பதில் வராது என்ற தைரியம்தான்.

எழுபதுகளின் கடைசி. குன்றத்தில் என் தட்டச்சுப் பள்ளி. காலையும் மாலையும் பிள்ளைகள் வந்து பழகுவார்கள். மதியத்தில் கல்லூரிக்காரர்களின் ஆய்வேடுகளை அடித்துக் கொடுப்பேன். அப்படி ஒரு மதியம்தான் துணிப்பையில் ஒரு கட்டுத் தாளோடு நீ படியேறி வந்தாய். மதுரையில் ஒரு கல்லூரியில் புவியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாய். என்னைவிட நான்கு வயது இளையவள். வந்த அன்றைக்கே "யக்கா" என்று கூப்பிட்டாய்.

எனக்கு ஆங்கிலம் விரலோடு சரி, மண்டைக்குப் போகாது. மற்றவர்கள் கட்டைக் கொடுத்துவிட்டு, என்றைக்கு வரட்டும் என்று கேட்டுப் போய்விடுவார்கள். நீ பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "என்ன அடிக்கிறோம்னு தெரிஞ்சு அடிச்சா தப்பு வராதுக்கா" என்று பக்கத்துக்குப் பக்கம் அர்த்தம் சொன்னாய். அந்தக் காலத்துக் கப்பல்களில் கடல் தண்ணீரின் சூட்டை அளந்து குறித்து வைப்பார்களாம். அந்தக் குறிப்பேடுகளைத் தேடித் தூத்துக்குடிக்குப் போய், மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் எழுதி எடுத்து வந்திருந்தாய். வங்கக் கடலின் சூட்டையும் மதுரைப் பக்கத்து ஐப்பசி மழையையும் வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் உன் ஆராய்ச்சி. அது முடிந்த இடத்தில், இனிமேல் என்ன ஆகும் என்று கடைசியாக ஓர் அத்தியாயம் எழுதியிருந்தாய்.

அதை அடிக்கத் தொடங்கிய அன்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ரயிலடிக்கு எதிரில் இருந்த கடைக்கு இழுத்துப்போய், வெயிலில் கிடந்த ஒரு சோடாவையும் தண்ணீர்த் தொட்டியில் கிடந்த ஒரு சோடாவையும் வாங்கி, இரண்டையும் உடைத்துக் காட்டினாய். வெயில் சோடா பொங்கிக் கொட்டியது. மற்றது சும்மா புஸ்ஸென்று அடங்கியது.

"நாம எரிக்கிற கரி, பெட்ரோலு, இதோட புகையெல்லாம் எங்கக்கா போகுது?"

"வானத்துக்குத்தான்."

"அதுல ஒரு பங்கக் கடல் குடிச்சிருது. சூட்டையும் அதுதான் பெரும்பாலும் வாங்கி வச்சுக்குது. நமக்காகத் தாங்கிக்கிட்டே இருக்கு. கடலே சூடாச்சுன்னு வைய்யி, இந்தா, இந்தச் சோடா கதைதான். கேஸ் நிக்காது. குடிக்கிறது கொறையும், போகப் போகக் குடிச்சதையும் கக்கும். காத்து இன்னும் சூடாகும். காத்து சூடானா கடலு இன்னும் சூடாகும். ஒண்ண ஒண்ணு தூண்டிவிட்டுக்கிட்டே இருக்கும்."

"அப்ப மழை?"

"அதுக்கு இஷ்டமான நேரத்துல வரும். வேணுங்கிறப்ப ஏமாத்தும். வந்தா ஒரே நாள்ல ஊரத் தூக்கிட்டுப் போகும்."

அதற்குள் நீ என்னை 'நீங்க'விலிருந்து 'நீ'க்குக் கொண்டுவந்துவிட்டதை அன்றுதான் கவனித்தேன். பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் உன் வீட்டுக்குக் கூட்டிப்போனாய். உன் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்குகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லி நீ மூன்று முறை அதட்ட வேண்டியிருந்தது.

"எம்மக கடலுக்குக் காய்ச்சல் பாக்குதாம்ல தாயி? கடலு எங்க கெடக்கு, நம்ம கம்மா எங்க கெடக்கு?" என்றார் என்னிடம், ஊர்க் கண்மாயைக் கைகாட்டி.

"அங்க காய்ச்சல் அடிச்சா இங்க கம்மா மாறும்ப்பா" என்றாய் நீ.

அவர் சிரிக்கவில்லை. "அப்படின்னா மழை வாராதுன்னு முன்னக்கூட்டியே சொல்லிருவியா? சொன்னா நாங்க முன்னாடியே வேற சீமைக்கு வேலைக்குப் போயிருவோம்ல."

திரும்பும்போது பேருந்தில் நீ சொன்னாய்: "மழை பொய்ச்சா நெலம் உள்ளவுகளுக்கு அந்த வருசம் வெள்ளாமை போகும்க்கா. எங்களுக்கு அன்னைக்கு ராச்சோறு போகும். அதான் இந்தக் கணக்க விடாமப் பாக்குறேன்." நிலம் உள்ளவர்களில் கோச்சடையில் இருந்த எங்கள் வீடும் உண்டு. அது உனக்கும் தெரியும். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உன் பேராசிரியருக்கு அந்தக் கடைசி அத்தியாயம் பிடிக்கவில்லை. துறையில் எல்லார் முன்னாலும் அவர் கேட்டதை நீ அப்படியே நடித்துக் காட்டினாய். "மதுரைக்கும் கடலுக்கும் என்னம்மா சம்பந்தம்? வைகையே கடலுக்குப் போய்ச் சேர மாட்டேங்குது, நீ போயிருக்கே!" எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்ல இம்புட்டுப் படிச்சதே பெரிசு. பேசாம அதை எடுத்துட்டுச் சீக்கிரம் முடிக்கப் பாரு" என்றாராம். நீ ஒரு மாதம் முரண்டு பிடித்தாய். அப்புறம் எடுத்தாய். அவரிடம் இருந்த கையெழுத்துப் பிரதியையும் அடித்த பிரதியையும் அவர் திருப்பித் தரவில்லை. மிச்சமிருந்த ஒரே கார்பன் பிரதியை என்னிடம் கொடுத்தாய்.

"இது உங்கிட்ட பத்திரமா இருக்கட்டும்க்கா. பட்டம் வாங்கிட்டுத் தனியா அச்சுல கொண்டாருவேன்."

பத்திரமாகத்தான் இருந்தது, கொஞ்ச நாள்.

அடுத்த கோடையில் உன் பேராசிரியர் தானே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வடக்கே ஏதோ மாநாட்டில் படிக்க வேண்டிய கட்டுரையாம், உடனே வேண்டுமாம். கையெழுத்து அவருடையது. மூன்றாம் பக்கத்தில் உன் அத்தியாயத்தின் சோடா பாட்டில் வந்தது. அதற்கு அடுத்த வாக்கியம் என்னவென்று தாளைப் பார்க்காமலே என் விரலுக்குத் தெரிந்தது. கை நின்றுவிட்டது.

நீ உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "என்னம்மா, எழுத்துப் புரியலையா?"

"புரியுது சார்" என்றேன். மிச்சப் பக்கங்களையும் அடித்து முடித்தேன்.

அந்தக் கல்லூரியின் வினாத்தாள் அடிக்கும் வேலை முழுவதும் அவர் வழியாகத்தான் எனக்கு வந்தது. அது ஒரு காரணம். உனக்குப் பட்டம் தரப்போகிறவரோடு உன்னை நான் ஏன் மோதவிட வேண்டும், உன் நல்லதுக்குத்தானே பேசாமல் இருக்கிறேன் என்று இன்னொரு காரணத்தையும் தயாரித்துக்கொண்டேன். கோழைத்தனத்துக்குக் காரணம் கிடைப்பதில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

நீ கண்டுபிடித்துவிட்டாய். அவர் மேசையில் பிரதி கிடந்திருக்கிறது. ஒரு மதியம் வந்து நின்றாய், உட்காரவில்லை.

"யக்கா, உன் மெஷின்ல 'ஆர்' எழுத்து ஒரு பக்கமாச் சாஞ்சு விழும்ல?"

நான் மெஷினின் உறையை இழுத்து மூடினேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அழுதது நான். நீ அழவில்லை. என் அழுகை முடியும்வரை காத்திருந்துவிட்டு, ஒன்றுதான் கேட்டாய். கல்லூரி முதல்வரிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாய். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அந்தக் கார்பன் பிரதியோடு நான் வந்து, இதை முதலில் கொண்டுவந்தவள் நீதான் என்று சொல்ல வேண்டும்.

"நீ வந்து நின்னாப் போதும்க்கா."

"வாரேன் புள்ள" என்றேன். சொன்ன நேரத்தில் அது பொய் இல்லை.

விசாரணைக்கு முதல் நாள் பேராசிரியர் வந்தார். மிரட்டவில்லை. ரொம்ப மரியாதையாகப் பேசினார். "நீங்க கோச்சடைக்காரவுகதானே? உங்க அப்பாவ எனக்கு நல்லாத் தெரியும். அந்தப் புள்ளைக்காக நம்ம மரியாதைய எதுக்கும்மா கெடுத்துக்கணும்?"

அந்த 'நம்ம' என்ற சொல்லுக்குள் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார். நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் முதல்வர் அறையில் நான்கு பேர்தான். முதல்வர் கேட்டார், "இந்தப் பொண்ணு கடலைப் பத்தி ஒரு அத்தியாயம் உங்ககிட்ட அடிக்கக் கொடுத்தாங்களா?"

"நெறையப் பேர் கொடுப்பாங்க சார். எனக்கு ஞாபகம் இல்லை."

"பிரதி ஏதாவது?"

"அதெல்லாம் வச்சுக்கிறதில்ல சார்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமே இல்லை அந்தப் பார்வையில். கப்பல் குறிப்பேட்டில் ஓர் எண் பொருந்தாமல் போனால், நாம்தான் தப்பாக எழுதி எடுத்தோமா என்று மறுபடி பார்ப்பாயே, அப்படிப் பார்த்தாய். பிறகு எழுந்து, முதல்வருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனாய். பேராசிரியர் மீது பொய்ப் புகார் கொடுத்தவள் என்று எழுதி உன் ஆராய்ச்சியைப் பாதியிலேயே முடித்துவைத்தார்கள். அன்று சாயங்காலமே அந்தப் பிரதியைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். மெல்லிய தாள். தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. கோச்சடையில் எங்கள் கிணற்றில் வாளி பாறையில் இடித்தது. வைகையில் ஊற்றுத் தோண்டிப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அந்த வருடத்தில்தான் உன்னைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கை நிறையப் பிள்ளைகளின் நோட்டுகள். ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை என்றாய். ஒதுங்கிப் போகாமல் நின்று பேசினாய்.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாய். அந்த 'நீங்க' என் கன்னத்தில் விழுந்தது.

"அப்பா எப்படி இருக்காரு?"

"இங்க வேலை இல்லைன்னு கேரளாவுக்குக் கல்லொடைக்கப் போனாரு. அங்கயே முடிஞ்சுபோச்சு. தூக்கிட்டு வாரதுக்கு வழியில்ல, அங்கயே பொதைச்சுட்டோம்."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மழை ஏமாத்தும்னு நீ அப்பவே சொன்ன புள்ள" என்றேன்.

"நான் எதுவும் சொல்லலைங்க. சொல்லியிருந்தா எழுத்துல எங்கயாச்சும் இருந்திருக்கணும்ல?"

உன் பேருந்து வந்தது. "வாரேங்க" என்று ஏறிக்கொண்டாய். அதுதான் கடைசி.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. அந்தக் கட்டுரையால் உன் பேராசிரியருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மாநாட்டில் படித்ததோடு சரி. அவரே மறந்துவிட்டு, கண்மாய்ப் பாசனத்தைப் பற்றி எழுதி, மாலை வாங்கி ஓய்வு பெற்றார். திருடியவருக்கும் உதவாத திருட்டுக்கு நான் காவல் நின்றிருக்கிறேன். இன்றைக்குத் தொலைக்காட்சியில் மழைச் செய்தி வாசிக்கும் சின்னப் பெண்கூட, கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது, அதனால்தான் இந்தக் கொட்டு கொட்டுகிறது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறாள். யாரும் சிரிப்பதில்லை. வைகையைச் சொல்லி யாரும் மடக்குவதில்லை.

நீ இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. போன மாதம் உன் தம்பியைத் தேடி நாகமலை புதுக்கோட்டைக்குப் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, உங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டிக் குடியிருக்கிறார். யாரென்று தெரியாமலே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். 'ஞாபகம் இல்லை' என்றதையும் அடுப்பையும் சேர்த்துத்தான் சொன்னேன். திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அக்கா ஏன் படிப்ப விட்டுச்சுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்கம்மா" என்றார். "கேட்டா, புடிக்கல, விட்டுட்டேன்னு ஒரே வார்த்த. எங்கப்பாவுக்கு மனசு ஆறவே இல்ல. வயித்தக் கட்டிப் படிக்க வச்சேன், திமிரெடுத்துப் பாதியில வந்துட்டான்னு திட்டிக்கிட்டே இருப்பாரு. கேரளாவுக்குப் பஸ் ஏறுன அன்னைக்கும் அக்காவத் திட்டிட்டுத்தான் ஏறுனாரு. அது வாயத் தொறக்கல."

பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?"

மறுபடி சொன்னேன்.

"இல்லைங்கம்மா. அக்கா அப்படி ஒரு பேரச் சொன்னதே இல்ல."

என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது உன் பெருந்தன்மை என்று கேட்கிறவர்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன் வாயில் வைத்துச் சொல்லும் அளவுக்கு நான் ஓர் ஆளாக மிஞ்சவில்லை, அவ்வளவுதான். உன் அப்பா உன்னைத் திட்டித் தீர்த்த திட்டெல்லாம் எனக்கு வந்திருக்க வேண்டியவை. அதில் ஒரு சொல்லைக்கூட நான் காதால் கேட்கவில்லை. கேட்காத அந்தச் சொற்களைத்தான் அன்று உங்கள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன். அவற்றை இறக்கி வைக்கச் சொல்ல இப்போது நீயும் இல்லை, உன் அப்பாவும் இல்லை.