முதல் புள்ளி விழும்வரை

அன்புள்ள மகள் பிரினுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். ஓரிகனில் நீயும் உன் முழங்காலும் சுகம்தானா? இங்கே சோள அறுவடை பாதி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சில்லிக் குழம்பும் பட்டைத்தூள் தூவின இனிப்பு ரோலும் போட்டார்கள். லெட்டா அத்தை தட்டோடு வந்து, "பிரின் இப்ப வாலிபால்ல எந்த இடத்துல ஆடறா?" என்று விசாரித்தாள். "அவ ஆடலை, மத்தவங்கள ஆட்டி வைக்கிறா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, எனக்கும்தான்.

அந்த ஓரிகன் கல்லூரி இன்னும் மூன்று வருஷம் உதவிப் பயிற்சியாளராக இருக்கச் சொல்கிறது, கையெழுத்துப் போடட்டுமா, நெப்ராஸ்காவுக்கே திரும்பிவிடட்டுமா என்று போனில் கேட்டாயே, அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அம்மாவைக் கேட்டால் "உங்களைத்தானே கேட்டா" என்று கழன்றுகொள்கிறாள். கல்லூரியில் கடைசி வருஷம் முழங்கால் ஜவ்வு பிய்ந்து நீ பயிற்சிப் பக்கம் போனபோது, கால் ஆறும்வரை பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். ஒரு பந்துக்காகத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவள் நீ. நாற்காலியில் குறிப்பு அட்டையோடு உட்கார்ந்திருப்பது என்ன வேலையோ!

போன மாதம் உன் அணி இங்கே உன் பழைய கல்லூரியோடு ஆட வந்ததையே எடுத்துக்கொள். உங்கள் பெஞ்சுக்குப் பின்னால் எங்களுக்கு இடம் வாங்கித் தந்தாய். நாங்கள் பழக்கதோஷத்தில் அந்தப் பழைய கல்லூரியின் சிவப்புச் சட்டையோடு வந்து நின்றோம். அந்த அரங்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், விசில் ஊதியதும் எழுந்து கைதட்ட வேண்டும், சிவப்பு அணி முதல் புள்ளி எடுக்கும்வரை யாரும் உட்காரக்கூடாது. உனக்காக நான்கு வருஷம் நின்ற கால்கள், தாமாக எழுந்துவிட்டன. புள்ளிகளோ வரிசையாக உன் அணிக்கே விழுந்தன. சுற்றிலும் உங்கள் ஓரிகன் பச்சைச் சட்டைக்காரர்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் நாங்கள் இருவர் மட்டும் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்று தட்டிக்கொண்டிருந்தோம். நீ திரும்பிப் பார்த்தாய். எங்களுக்கு உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. பிறகு பேருந்துக்குப் பக்கத்தில் கட்டிப்பிடித்து, "அப்பா, யாருக்காக நின்னீங்க?" என்று சிரித்தாய். உன் கண் சிரிக்கவில்லை. அம்மாடி, எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது.

இன்னொன்றும் விளங்கவில்லை. அன்றைய ஆட்டத்தில் சர்வீஸை வலையிலேயே அடித்துவிட்டு ஒரு நெட்டைப் பெண் பெஞ்சில் அழுதாளே, அவள் முன்னால் அந்த முழங்காலையே தரையில் ஊன்றி நீ என்னவோ சொன்னாய். அவள் சிரித்துவிட்டாள், திரும்பப் போய் ஒழுங்காக அடித்தாள். என்ன சொன்னாய்? ஐஸ்கிரீம் ஆசை காட்டியிருப்பாய் என்கிறாள் அம்மா. தோற்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு யாரையும் கிட்டே சேர்க்காதவள் நீ. இதை எங்கே கற்றாய்?

நேற்று சாயங்காலம் டிவியில் உங்கள் ஆட்டம். விசில் ஊதியதும் எழுந்துவிட்டேன். உன் அணிக்குப் புள்ளி வருவேனா என்றது, சாப்பாடு ஆறிப்போனது, நான் உட்காரவில்லை. "வீட்டுக்குள்ள யாருக்குங்க நிக்கிறீங்க?" என்றாள் அம்மா. "நம்ம பொண்ணுக்கு" என்றேன். உடனே அவளும் கரண்டியோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கையெழுத்துப் போட்டுவிடு, கண்ணு. ஏனென்று கேட்காதே, எனக்கே தெளிவாகத் தெரியாது. கடவுள் உன்னையும் அந்த நெட்டைப் பெண்ணையும் நன்றாக வைக்கட்டும். மறக்காமல் பச்சைச் சட்டை இரண்டு அனுப்பு, அம்மா சொல்லும் அளவை நம்பாதே. அப்புறம், யார் முன்னாலாவது மண்டியிடும்போது முழங்காலுக்குக் கீழே அந்தத் துண்டைப் போட்டுக்கொள்.

உன் அப்பா,
வெர்லின் குசேலா